உப்பில்லாத மூன்று நாள்

பத்து வருடமாக என்னைப் பார்த்து "டென்ஷன் எடுத்துக்காதீங்க மேடம்" என்று சொன்ன எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கத்த வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. கத்தினால் பி.பி. ஏறும் என்று அவர்களே பயந்து எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது முப்பத்தைந்து வயதில் தெரிந்தது. ஆபீஸில் இலவசப் பரிசோதனை என்று ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அந்த நர்ஸ் பட்டையை மூன்று முறை கட்டி மூன்று முறை அவிழ்த்தாள். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவளுக்கும் கட்டிப் பார்த்தாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அன்று போன முதல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கோபம் அதிகம் வருமா என்பது. வரும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அத்தோடு அவர் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாலு டாக்டர்கள். ஊறுகாயை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். நடக்கச் சொன்னார்கள், வாகட் பகுதியில் எங்கள் குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி நடந்து செக்யூரிட்டிக்காரருக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஒருவர் சிரிக்கச் சொன்னார். காலை ஏழு மணிக்குக் கீழே தோட்டத்தில் ரிட்டையர் ஆனவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஹாஹா என்று சிரிப்பார்கள், அவர்களோடு பதினோரு நாள் நின்று நானும் சிரித்தேன். பன்னிரண்டாம் நாள் பார்த்தால் பி.பி. இம்மி குறையவில்லை. மாத்திரை ஒன்று, இரண்டாகி, மூன்றானது. ஒவ்வொரு முறையும் அவர்கள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் ஏதாவது பிரச்சனையா, ஆபீஸில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார்கள். உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் அவர்களுக்கு உதவியிருக்காது. நான்தான் கொன்றேன் என்று சொல்லியிருப்பேன்.

நாங்கள் கட்கிக்காரர்கள், மராத்தி ஊரில் வளர்ந்த தமிழ்க் குடும்பம். வடஆற்காட்டிலிருந்து என் அப்பாவின் தாத்தா இங்கே அரசாங்க ஃபேக்டரி வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் அதே கேட்டில் காலையில் நுழைந்து மாலையில் வெளியே வந்தார்கள். ஆனால் வேலைக்காலம் முடிந்து மாலை போட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. தாத்தா நாற்பத்தைந்தில் போனார். பெரியப்பா முப்பத்தெட்டில். இருவருமே திடீரென்று, தலையைப் பிடித்துக்கொண்டு. கோபத்தில் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்குப் பெயரே 'குஸ்ஸாவாலா வீடு'. கோபக்காரர்கள் வீடு. அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

அப்பா வீட்டுக்கு வரும் சைக்கிள் சத்தம் கேட்டால் ரேடியோவை நிறுத்த வேண்டும். மார்க் குறைந்திருந்தால் சொல்லக் கூடாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சொல்லக் கூடாது. அம்மாவின் பாதி வேலை, அப்பாவின் காதுக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று பார்ப்பதுதான். அண்ணன் சாது. அம்மா கண்ணைக் காட்டினால் வாயை மூடிக்கொள்வான். நான் அப்படியில்லை. எனக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் குரல், அப்பாவின் வாய்.

எனக்குப் பதினாறு வயது. வகுப்பில் எல்லோரும் லோக்கல் ரயிலில் லோனாவாலா மலைக்குப் போவதாக ஏற்பாடு. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். அப்பா முடியாது என்றார். காரணம் கேட்டேன். காரணம் கேட்டதே தப்பு என்றார். மூன்று நாளாகத் தலைவலி என்று ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், துண்டோடு எழுந்து நின்று கத்தினார். நானும் கத்தினேன். "நீ ஒரு நாளாவது எதுக்காவது சரின்னு சொல்லியிருக்கியா?" என்று கேட்டேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. பதில் சொல்ல வாயைத் திறந்தார், வாய் ஒரு பக்கமாகப் போனது. அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்தார். நாற்பத்திரண்டு வயது.

சாவு வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அத்தை ஒருத்தி மட்டும், பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அம்மா மறுக்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருடம் அம்மா மறுக்கவில்லை.

என்னமோ பெரிய தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. சோறு போட்டார்கள், படிக்கவைத்தார்கள். அப்பாவின் வேலையை வாரிசு என்று அண்ணனுக்குக் கொடுத்தார்கள், அந்தச் சம்பளத்தில்தான் நான் காலேஜ் முடித்தேன். ஆனால் யாரிடமாவது குரலை உயர்த்தினால் உடனே அந்த ஆளின் வாயைப் பார்ப்பேன், ஒரு பக்கமாகப் போகிறதா என்று. என் கணவரோடு சண்டை வந்தால் பாதியிலேயே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கல்யாணமான புதிதில் அவருக்கு அது புரியவில்லை, அழுத்தக்காரி என்று நினைத்தார். ஆபீஸில் மேலே இருப்பவன் என் வேலையைத் தன் வேலை என்று காட்டிக்கொண்டபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோபம் எங்கே போகும்? எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருந்தது. பி.பி.க்கு அதுதான் காரணம் என்று நானே நம்பினேன்.

போன வருடம் மூன்றாவது மாத்திரையை மாற்றிப் புதிதாக ஒன்று கொடுத்தார்கள். உடம்பில் இருக்கும் அதிகப்படி நீரை வெளியேற்றும் மாத்திரை. பத்தாவது நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தேன், கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தேன். கணவர் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார். ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது என்றார்கள். இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். அங்கே இருந்த சின்னப் பெண் டாக்டர் ஒருத்திதான் சந்தேகப்பட்டுக் கேம்ப் பகுதியில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு மட்டும் நான் நன்றி சொல்வேன்.

கேம்ப்பில் பழைய கட்டிடம், மரப்படி. கீழே பேக்கரி, மேலே டாக்டர். வயதான மராத்திப் பெண்மணி. கம்ப்யூட்டர் இல்லை, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் என்னை ஒரு வட்டமாகப் போட்டார். மேலே அப்பாவுக்கு ஒரு கட்டம், அம்மாவுக்கு ஒரு வட்டம். யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தாத்தாவுக்குக் கட்டம் போட்டு நாற்பத்தைந்து என்று எழுதினார். பெரியப்பாவுக்கு முப்பத்தெட்டு. அப்பாவின் கட்டத்துக்கு வந்ததும் நான் அந்த லோனாவாலா கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் எழுதவில்லை. பிறகு நாற்பத்திரண்டு என்று மட்டும் எழுதினார்.

ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள், ஜீன் பரிசோதனைக்கு வெளியே அனுப்பினார்கள், முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. வந்ததும் அதே தாளை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். சிறுநீரகத்தின்மேல் குல்லா போட்ட மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. உப்பை வெளியே விடாதே, பிடித்து வை என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் அதில் சுரக்கிறது. போதும் என்றால் நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டுச் சுரப்பி நிறுத்துவதில்லை. பிறக்கும்போதே ஜீனில் இரண்டு துண்டு தவறாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்பு தங்குகிறது, பொட்டாசியம் கழிகிறது, சின்ன வயதிலிருந்தே அழுத்தம் ஏறுகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களில் மூளையில் ரத்தக்குழாய் இளம் வயதிலேயே வெடிப்பதுண்டு. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்கு மருந்து இருக்கிறது, ஒரே ஒரு சின்ன மாத்திரை, படுக்கப்போகும்போது போட வேண்டும், அது அந்தச் சுரப்பியை அடக்கிவைக்கும்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அன்று நான் கத்தாமல் இருந்திருந்தால்?

அவர் சுற்றி வளைக்கவில்லை. கத்தினால் யாருக்கும் கொஞ்ச நேரம் அழுத்தம் ஏறும், இறங்கிவிடும் என்றார். உங்கள் அப்பாவின் ரத்தக்குழாய் இருபது வருடமாக அரிக்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அன்று இல்லாவிட்டால் மறுநாள் பக்கெட் தூக்கும்போது வெடித்திருக்கும், தும்மும்போது வெடித்திருக்கும். மூன்று நாள் தலைவலி என்றீர்களே, அது அப்போதே தொடங்கிவிட்டிருக்கலாம் என்றார்.

கீழே இறங்கி வந்து பேக்கரி வாசலில் நின்று அழுதேன். நிம்மதியில் அழுதேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆத்திரத்தில் அழுதேன். ஒரு பட்டையைக் கையில் கட்டிக் காற்றடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஃபேக்டரியில் வருடாவருடம் மெடிக்கல் நடக்கும், எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் பார்ப்பார்கள். அவ்வளவு வருடத்தில் ஒரு தடவைகூடவா தெரியாமல் போனது?

மாத்திரை போட ஆரம்பித்து ஒரு மாதத்தில் என் பி.பி. சாதாரணமாகிவிட்டது. கோபம் துளிகூடக் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருந்தது.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அண்ணனுக்கு ஒரு மகள், பதினெட்டு வயது, காலேஜில் முதல் வருடம். டாக்டர் அண்ணனுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், தாமதம் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்கிக்குப் போனேன். அதே குவார்ட்டர்ஸ் வரிசை, வேறு வீடு. அம்மா அண்ணனோடுதான் இருக்கிறாள்.

போனதும் முதலில் கண்ணில் பட்டது அண்ணன் மகள்தான். துப்பட்டாவை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும். "அத்தை, டோக்கா துக்தய்" என்று மராத்தியில் தலையைத் தொட்டுக் காட்டினாள். ரெண்டு வாரமாக அப்படித்தானாம். போன் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். எனக்கு அந்த ஈரத் துண்டு ஞாபகம் வந்தது.

அண்ணனிடம் கடிதத்தைக் கொடுத்துப் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். அவன் முழுதாகப் படிக்கவில்லை. மகளுக்கு நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டும், குடும்பத்தில் வியாதி என்று எழுதி வைத்தால் யார் வருவான் என்றான். அவள் உயிரோடு இருந்தால்தானே கல்யாணம் என்றேன். அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணன் எழுந்து பீரோவைத் திறந்து பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். அதில் அப்பாவின் காகிதங்கள். ஃபேக்டரி மெடிக்கல் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் போட்டான். ஒவ்வொரு வருடமும் பி.பி. சரி, ஒவ்வொரு வருடமும் ஃபிட் என்று முத்திரை.

"பார்த்துக்கோ. அப்பாவுக்கு பி.பி.யே கிடையாது. உன் சீக்க எங்க தலையில கட்டாத."

கார்டுகளுக்கு அடியில் மஞ்சளாகிப்போன ஒரு தாள் இருந்தது. அப்பாவைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் தாள். நான் அதுவரை பார்த்ததேயில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: மகளுடன் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது விழுந்தார். இதற்குமுன் ரத்த அழுத்தம் இருந்ததில்லை. தகவல் சொன்னவர், மனைவி. நின்றபடியே மூன்று முறை படித்தேன். என் பாவம் அரசாங்கத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

எங்கள் குரல் தெருவுக்குக் கேட்கிறது என்று அம்மா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் சண்டையை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். சோறும் பருப்பும் கத்திரிக்காயும். ஒரு வாய் வைத்தேன். பருப்பில் உப்பில்லை. கத்திரிக்காயிலும் இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்து உப்பு ஜாடிக்குக் கையை நீட்டினேன். அண்ணன் மகள் உதட்டைப் பிதுக்கினாள். நாளை மறுநாள் பப்பாவுக்கு மெடிக்கல், அதனால் மூன்று நாளைக்கு வீட்டில் எல்லோருக்கும் உப்புச்சப்பில்லாத ஃபீக்கா சாப்பாடுதான், வருடாவருடம் இப்படித்தான் என்றாள்.

என் கை ஜாடிமேலேயே நின்றுவிட்டது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் உப்பில்லாமல் சமைப்பார்கள். முருகனுக்கு விரதம் என்று அம்மா சொல்வாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன், உப்பு கேட்டால் சாமி குற்றம் என்று. அந்த மூன்று நாளும் அப்பா சைக்கிள் மிதிக்க மாட்டார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படுத்துக்கொள்வார். எதிர்வீட்டுத் தாத்தா ஏதோ பொட்டலம் மடித்துக் கொடுத்தனுப்புவார், பிரசாதம் என்று அம்மா வாங்கி வைப்பாள். மூன்றாம் நாள் அப்பா கால் இழுக்கிறது என்று முனகுவார், அம்மா உட்கார்ந்து அமுக்கிவிடுவாள். எனக்குக் கால் மடங்கியது ஞாபகம் வந்தது.

"அம்மா, அந்த உப்பில்லாத மூணு நாளு எந்தச் சாமிக்கு?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பேத்தியின் நெற்றியில் இருந்த துப்பட்டாக் கட்டைப் பார்த்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, பேச்சை மாற்ற, சாப்பிடு சாப்பிடு என்றான்.

"சாமிக்கு இல்ல," என்றாள் அம்மா. "உங்க அப்பாவுக்கு பி.பி. இருந்துச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கல்யாணமான புதிதில் வெளியே ஒரு டாக்டரிடம் காட்டியதில் தெரிந்ததாம். ஃபேக்டரிக்குத் தெரிந்தால் அன்ஃபிட் என்று வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வரிசையில் எல்லோருக்கும் பயம். அதனால் மெடிக்கலுக்கு முன் மூன்று நாள் உப்பை நிறுத்துவது, பி.பி. இருக்கும் யாரிடமாவது கோலி கடன் வாங்கிப் போடுவது, அசையாமல் படுத்திருப்பது என்று ஒரு வழக்கம். மாத்திரைக்கு எங்கள் ஜனங்கள் கோலி என்றுதான் சொல்வார்கள். மெடிக்கல் முடிந்த மறுநாளே கோலியை நிறுத்திவிடுவார்கள், தினமும் போட்டால் பழகிப்போகும் என்று. அப்பா இறந்தது, மெடிக்கல் முடிந்த ஆறாம் நாள்.

அந்த வைத்தியம் வேலை செய்திருக்கிறது, பாருங்கள். உப்பைப் பிடித்து வைக்கும் சுரப்பிக்கு உப்பைக் கொடுக்காமல் இருந்தால் அழுத்தம் கொஞ்சமாவது இறங்கத்தான் செய்யும். வருடத்தில் மூன்று நாள் என் அப்பாவுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. மிச்ச நாளெல்லாம் அவர் ஃபிட்.

"அப்போ என்னாலன்னு ஏம்மா சொன்ன?"

"வேற யாரச் சொல்றது? அவரு மறைச்சாருன்னு தெரிஞ்சா உங்கண்ணனுக்கு வேல தர மாட்டாங்கன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. உன்னச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் போவாதுன்னு நெனச்சேன்."

"எனக்குப் போச்சும்மா."

அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவனுக்கு முதல்முறை பி.பி. ஏறியபோது, இது ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்று சொல்லி அம்மாதான் இந்த வழியைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அப்பாவுடையது விரதம்தான் என்று அவனிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் பாக்கெட்டில் அப்போதும் யாரிடமோ வாங்கிய பாதி அட்டை மாத்திரை இருந்தது. அதை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அண்ணிதான் முதலில் அசைந்தாள். கட்டில்மேல் கிடந்த டாக்டர் கடிதத்தை எடுத்து, அதிலிருந்த நம்பருக்கு நாளைக் காலையில் முதல் வேலையாகப் பேசுவதாக என்னிடம் சொன்னாள். யாரையும் கேட்கவில்லை.

அந்த வேலையில் வந்த சோற்றைத்தான் நானும் தின்றேன். அது எனக்கு மறக்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் தாலியறுத்தவள், கையில் இரண்டு பிள்ளைகள், யாரோ பயமுறுத்திவிட்டார்கள், பாவம் என்று என் கணவர் சொன்னார். பாவம்தான். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் சொன்னது பயத்தில் சொன்னது. அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்ட மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ காரணமில்லை என்று காதோடு சொல்லியிருக்கலாமே. என் கல்யாணத்தன்று சொல்லியிருக்கலாம். எனக்கு பி.பி. என்று தெரிந்தபோதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு திவசத்துக்கும் படத்துக்கு முன்னால் நான் தலை குனிந்து நின்றதைப் பக்கத்தில் நின்று பார்த்தாளே. நான் அம்மாவை மன்னித்துவிட்டேனா என்று அண்ணி கேட்டாள். இல்லை.

மறுநாளே அண்ணனுக்கும் அவன் மகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணின் பி.பி.யைப் பார்த்துவிட்டு அந்த மராத்தி டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை. இப்போது அப்பாவும் மகளும் படுக்கப்போகும்போது ஆளுக்கொரு சின்ன மாத்திரை போடுகிறார்கள். தலையில் கட்டும் துப்பட்டா அவிழ்ந்துவிட்டது.

அண்ணன் அந்த மெடிக்கலுக்கு, முந்தின நாள் டாக்டர் பி.பி. பார்த்து எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். எங்கே வேலை போய்விடுமோ என்று அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. வேலை போகவில்லை. வேறு செக்‌ஷனில் போட்டார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்க வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். அப்பா காலத்தில் என்ன செய்திருப்பார்களோ, தெரியாது. யாரும் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கட்கிக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் காலேஜ் கூட்டத்தோடு கோட்டை ஏறப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் முடியாது என்றான். காரணம் கேட்டாள். அவன் குரல் ஏறியது, இவள் குரலும் ஏறியது. அப்பாவின் மூக்கு, அப்பாவின் குரல், அப்பாவின் வாய், எல்லாம் அவளிடமும் அப்படியே இருக்கிறது. அம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். அப்பாவை எதிர்த்துப் பேசாதே, அவன் உடம்புக்கு ஆகாது என்றாள்.

அண்ணன் மகள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பாதிச் சொல் வாயிலேயே நிற்க, அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். குறிப்பாக, வாயைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"பேசுடி," என்றேன். "பேசி முடி. கத்தினதால உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது."

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அண்ணன் மகள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, தமிழில் பாதியும் மராத்தியில் பாதியுமாக வீடே அதிரக் கத்தினாள். அண்ணன் பதிலுக்கு அதைவிடப் பெரிதாகக் கத்தினான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தான்.